ஒரே ஆல்பம், ஆறு பதிப்பு: ராக் மறுவெளியீடுகளை எப்படிப் பார்த்து வாங்குவது

டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை இணையக் கடைகளில் தேடிப் பாருங்கள். 1972-இல் வந்தது, ஏழே பாட்டு, முழுசாகக் கேட்டாலும் நாற்பது நிமிடம் ஆகாது. ஆனால் திரையில் வந்து நிற்பது என்னென்ன? சாதாரண ஒற்றை சிடி, 1997-இல் வந்த 25-ஆம் ஆண்டு இரட்டை சிடி, 2012-இல் வந்த 40-ஆம் ஆண்டுப் பெட்டி, 2024-இல் வந்த சூப்பர் டீலக்ஸ் பெட்டி, நடுவில் ஜப்பான் பதிப்புகள், எல்பி எனும் பெரிய இசைத்தட்டுகள். விலை சில நூறு ரூபாயில் ஆரம்பித்துப் பல ஆயிரத்துக்குப் போகும். பெரிய பெட்டி என்றால் நல்ல பதிப்பு என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம், வாங்கி ஒரு தடவை கேட்டதோடு அது அலமாரிக்குப் போய்விடும்.

பதினைந்து வருடமாக இந்த மாதிரிப் பதிப்புகளைச் சேர்க்கிறேன். அப்படி வீணாகிற பெட்டிகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் இந்த மறுவெளியீடுகளில் சில உண்மையிலேயே பொக்கிஷம். ஐம்பது வருடம் பெட்டகத்தில் கிடந்த டேப்பை எடுத்து, ஒரு பாட்டு எப்படிப் பிறந்தது என்பதை நம் காதுக்குக் கொண்டுவருகிற வேலை அது. பெட்டிக்குள் இருப்பது மூன்று தனித்தனிச் சரக்கு: ஒலி, கூடுதல் பதிவுகள், அச்சுப் பொருட்கள். இந்த மூன்றில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் ஆல்பம், பிறகு பெட்டி

எந்த ஆல்பத்தை வாங்க நினைக்கிறீர்களோ, அதன் சாதாரணப் பதிப்பை ஒரு மாதமாவது கேளுங்கள். ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் சரி, பழைய சிடியில் கேட்டாலும் சரி. ஒரு பாட்டு முடிந்த உடனேயே அடுத்த பாட்டின் முதல் சத்தம் மனசுக்குள் தானாக ஓட ஆரம்பிக்க வேண்டும், டிரம்ஸ் எங்கே நிற்கும், கிட்டார் எங்கே நுழையும் என்பது மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். அந்த நிலை வராத ஆல்பத்துக்கு டீலக்ஸ் பதிப்பு வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. மூலப் பதிவு மனப்பாடம் ஆனவருக்குத்தான் ஆறாவது டேக்கில், அதாவது ஆறாவது தடவை பாடிப் பதிந்ததில், பாடகர் ஒரு வரியை மாற்றிப் பாடுவது தெரியும். மற்றவருக்கு அதே பாட்டு ஆறு தடவை வருவதாகத்தான் படும்.

ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு

அட்டையில் இந்த இரண்டு சொல்லில் எது இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ஸ்டூடியோவில் ஒவ்வொரு கருவியும் குரலும் பல தடம் கொண்ட டேப்பில் தனித்தனியாகப் பதிவாகும். அதையெல்லாம் கலந்து இரண்டு சேனலுக்குக் கொண்டுவருவது மிக்ஸிங். அந்தக் கலவை பதிந்த டேப்தான் மாஸ்டர் டேப். ரீமாஸ்டர் என்றால் அந்த மாஸ்டர் டேப்பை மறுபடி டிஜிட்டலுக்கு மாற்றி, ஒலி அளவையும் மேல்கீழ் ஸ்தாயிகளையும் சீர்செய்கிறார்கள், கலவை பழையதுதான். ரீமிக்ஸ் என்றால் கலப்பதற்கு முந்தைய டேப்புக்கே திரும்பிப் போய் முதலிலிருந்து கலக்கிறார்கள். சமைத்த சாம்பாரில் உப்பைச் சரிபார்ப்பது ரீமாஸ்டர், பருப்பிலிருந்து மறுபடி ஆரம்பிப்பது ரீமிக்ஸ்.

2014-இலும் 2015-இலும் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் மேற்பார்வையில் வந்த லெட் செப்பெலின் பதிப்புகளில் மூல ஆல்பம் ரீமாஸ்டர்தான், கலவையை அவர் தொடவில்லை. கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், யெஸ் போன்ற குழுக்களின் ஆல்பங்களில், பழைய ஆல்பங்களை மறுபடி கலக்கிற இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் பெயரைப் பார்த்தால் அவை பெரும்பாலும் ரீமிக்ஸ். மெஷின் ஹெட்டின் 1997 பதிப்பில் இரண்டுமே உண்டு. ஒரு சிடியில் ரீமாஸ்டர், இன்னொன்றில் அந்தக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவரே செய்த ரீமிக்ஸ். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பழக இதைவிட வசதியான தொகுப்பு எனக்குத் தெரியாது. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டை மட்டும் மாற்றி மாற்றி மூன்று தடவை போட்டாலே வித்தியாசம் பிடிபட்டுவிடும். அத்தோடு, ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் ஒற்றைப் பாட்டுத் தட்டான சிங்கிளின் பின்பக்கத்தில் ஒதுங்கிய 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்' பாட்டும் இதில் கிடைக்கும். அதை ஏன் ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை ஆற்றாமை உண்டு.

ரீமிக்ஸ் என்றாலே மூலத்துக்குத் துரோகம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பீட்டில்ஸின் 'ரிவால்வர்' விஷயத்தில் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1966-இல் அவர்களிடம் இருந்தது நாலு தடம் கொண்ட டேப் இயந்திரம். டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் ஒரே தடத்தில் சேர்ந்து பதிவாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் பழைய ஸ்டீரியோவில் 'டாக்ஸ்மேன்' பாட்டை ஹெட்போனில் கேட்டால் தாளம் முழுக்க ஒரு காதில் குவிந்திருக்கும், மறுபக்கம் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். பீட்டர் ஜாக்சனின் ஒலிக்குழு பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்காக ஒரு மென்பொருள் உருவாக்கியது. ஒரே தடத்தில் பின்னிக் கிடக்கிற கருவிகளின் ஓசையை அது அடையாளம் கண்டு பிரித்துக் கொடுத்தது. அதை வைத்துத்தான் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டினும் சாம் ஒகெல்லும் 2022-இல் ரிவால்வரைப் புதிதாகக் கலந்தார்கள். அந்தப் பெரிய பெட்டியில் 1966-இன் மோனோ (ஒற்றைச் சேனல்) கலவையும் தனி சிடியாக இருக்கிறது. புதியதும் பழையதும் ஒரே பெட்டியில் இருப்பதுதான் நியாயமான முறை. புதிய ரீமிக்ஸை மட்டும் வைத்து, பழைய கலவையைத் தராத பதிப்பாக இருந்தால் பழைய சிடியைக் கைவிட்டு விடாதீர்கள்.

சத்தம் அதிகம் என்றால் தரம் அதிகம் இல்லை

தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல ரீமாஸ்டர்களில் ஒரு வியாதி உண்டு. மெதுவான இடத்தையும் ஓங்கிய இடத்தையும் ஒரே அளவுக்கு அமுக்கி, மொத்தத்தையும் உச்ச சத்தத்துக்கு ஏற்றிவிடுவார்கள். முதல் பத்து விநாடி பளிச்சென்று இருக்கும். அரை மணி நேரத்தில் காது களைத்துப்போகும். டிரம்ஸ் அடியில் இருக்க வேண்டிய அந்தத் திடீர் அறைதல் காணாமல் போயிருக்கும்.

இதற்குப் பேர்போன உதாரணம் பாடகர் இக்கி பாப்பும் அவருடைய ஸ்டூஜஸ் குழுவும் 1973-இல் வெளியிட்ட 'ரா பவர்'. மூலக் கலவையில் பெரும்பகுதி இன்னொரு பாடகரான டேவிட் போவி செய்தது, மெலிந்தும் விசித்திரமாகவும் இருக்கும். 1997-இல் இக்கி பாப் தானே மறுபடி கலந்தார், மீட்டர் எல்லாம் சிவப்புக்குப் போகிற அளவுக்குச் சத்தமாக. பலருக்கு அது பிடித்தது, பலர் காதைப் பொத்தினார்கள். 2010-இல் வந்த பதிப்பில் போவியின் கலவை திரும்பி வந்தது. ஆக, 'ரா பவர்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் எந்த ரா பவர் கைக்கு வரும் என்று தெரியாது. வருடம் பார்த்து வாங்குங்கள்.

சோதிக்கும் முறை எளிது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் மாற்றி மாற்றிக் கேட்கும்போது, சத்தமாக இருப்பதன் வால்யூமைக் குறைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் எப்போதும் சத்தமானதுதான் ஜெயிக்கும், மனிதக் காதின் இயல்பு அது. சமமாக்கிய பிறகும் புதியது பிடித்திருந்தால் வாங்கிவிடலாம். இணையத்தில் டைனமிக் ரேஞ்ச், அதாவது மெதுவான இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் எண்களைப் பட்டியலிடுகிற தளங்கள் இருக்கின்றன. எண் பெரிதாக இருந்தால் அமுக்கல் குறைவு. ராக் ஆல்பத்துக்கு 11, 12 என்று இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கிறது, 6, 7 என்றால் யோசியுங்கள். எல்பிக்கு மட்டும் இந்த எண்ணை நம்ப வேண்டாம், முள் வழியாக வரும் ஒலியில் எண் இயல்பாகவே கூடக் காட்டும்.

எந்த அளவுப் பதிப்பு?

பெரும்பாலான ஆல்பங்களுக்கு என் பதில் இரண்டு சிடி பதிப்பு. முதல் சிடியில் ஆல்பம், இரண்டாவதில் பொறுக்கி எடுத்த டெமோ (ஆல்பத்துக்கு முன் பதிந்த மாதிரிப் பதிவு), வேறு டேக், மேடைப் பதிவு. கூடுதல் சரக்கின் சிறந்த பகுதி அநேகமாக இங்கேயே வந்துவிடும். லெட் செப்பெலினின் முதல் ஆல்பத்துக்கு இரண்டாவது சிடியாக 1969 அக்டோபரில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் நடந்த கச்சேரி இருக்கிறது. அதே ஆல்பத்தின் பெரிய பெட்டியை வாங்கினால் எல்பிகளும் தடித்த புத்தகமும் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் காதுக்குப் புதிதாக எதுவும் கிடையாது.

இரண்டு சிடி பதிப்பு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு 'த ஹூ' குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' நல்ல சாட்சி. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த கச்சேரி. அந்த வருடம் வந்த எல்பியில் ஆறே பாட்டு. அட்டை வெறும் பழுப்பு நிறம், மேலே ரப்பர் ஸ்டாம்ப் குத்தினமாதிரி பெயர், கள்ளத்தனமாக அச்சடித்த தட்டு போல வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். டேப்பில் கரகரவென்று சத்தம் விழுந்திருந்தது, தட்டின் லேபிளிலேயே 'கரகரப்பு பரவாயில்லை, சரிசெய்ய வேண்டாம்' என்ற பொருளில் கையெழுத்துக் குறிப்பு போட்டுவிட்டார்கள். 1995-இல் அந்தக் கரகரப்பை டிஜிட்டலில் நீக்கி, 14 பாட்டோடு ஒரு சிடி வந்தது. 2001-இல் இரண்டு சிடி. அன்றிரவு கச்சேரியின் நடுவே அவர்கள் வாசித்த, ஒரே கதையைச் சொல்லும் அவர்களுடைய பாட்டுத் தொடரான 'டாமி' முழுவதும் அப்போதுதான் இதில் சேர்ந்தது. ஆறு பாட்டாக இருந்த ஒன்று ஒரு முழு இரவாக விரிந்துவிட்டது. ஒரே ஒரு குறை, டாமியை நடுவிலிருந்து எடுத்து இரண்டாவது சிடியில் தனியாக வைத்திருக்கிறார்கள், கச்சேரியின் வரிசை மாறிவிடுகிறது. ஆனாலும் யாராவது என்னிடம் முதல் டீலக்ஸ் பதிப்பு எது வாங்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

பெரிய பெட்டி எப்போது சரி? உங்கள் வாழ்க்கையின் ஆல்பம் என்று இரண்டு மூன்று இருக்கும், அவற்றுக்கு மட்டும். அதிலும் உள்ளடக்கப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். பீட்டில்ஸின் 'வெள்ளை ஆல்பம்' 2018 பெட்டியில் 1968 மே மாதம் எஷரில் ஜார்ஜ் ஹாரிசன் வீட்டில் அவர்கள் உட்கார்ந்து பதிந்த 27 டெமோக்கள் இருக்கின்றன. கிட்டாரைத் தட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, வரி மறந்து முணுமுணுத்துப் பாடுகிற பதிவுகள். அதன் மூன்று சிடி பதிப்பிலும் அந்த டெமோக்கள் உண்டு என்பதைக் கவனியுங்கள், பணம் மிச்சம். மாறாக, பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' 2011 பெட்டியில் ஒரு கழுத்துத் துணியும், கோப்பை வைக்கிற அட்டைகளும், கோலிக்குண்டுகளும் இருக்கும். அந்தப் பெட்டியில் 1972-இன் ஆரம்பக் கலவை போன்ற அருமையான சரக்கும் உண்டுதான், ஆனால் கோலிக்குண்டுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

புளூ-ரே தட்டு இருக்கிறதா என்று பார்த்து மயங்க வேண்டாம். சுற்றிலும் ஒலிக்கிற 5.1 அல்லது அட்மாஸ் கலவையைக் கேட்க வீட்டில் அதற்கான ஸ்பீக்கர் வரிசை வேண்டும். இரண்டே ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அது பெட்டிக்குள் தூங்கும். எல்பியில் 180 கிராம் என்று பெரிதாக எழுதியிருப்பதும் அப்படித்தான். தட்டு கனமாக இருக்கும், அவ்வளவுதான். எந்த டேப்பிலிருந்து யார் தட்டின் பள்ளங்களை வெட்டினார் என்பதுதான் ஒலியைத் தீர்மானிக்கும்.

ஐம்பதாம் ஆண்டு ஏன் இத்தனை பெட்டிகள்?

ஐரோப்பாவில் 2011-இல் சட்டத்தை மாற்றி, ஒலிப்பதிவுகளின் காப்புரிமையை 50 வருடத்திலிருந்து 70 ஆக்கினார்கள். ஆனால் பதிவாகி 50 வருடத்துக்குள் வெளியாகாத பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடைக்காது. அதனால் பெட்டகத்தில் தூங்குவதை எல்லாம் கெடு முடிவதற்குள் வெளியே விடுகிற அவசரம் கம்பெனிகளுக்கு வந்தது. பாப் டிலனின் 1962-ஆம் வருடப் பதிவுகளை 2012 கடைசியில் சுமார் நூறு பிரதி மட்டும் போட்டு வெளியிட்டார்கள், தலைப்பிலேயே காப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு என்று இருந்தது. 2015-இல் அவருடைய 1965, 66 பதிவுகள் 18 சிடி பெட்டியாக 5,000 பிரதி வந்தன. அதே பதிவுகளை இரண்டு சிடியிலும் ஆறு சிடியிலும் சுருக்கியும் விட்டார்கள். ஆண்டு விழா என்றாலே எல்லாம் கேட்கத் தகுந்தது என்று அர்த்தம் இல்லை, சட்டத்துக்காக வந்ததும் உண்டு.

வாங்கும்போது

ஆல்பம் பெயரை மட்டும் வைத்து ஆர்டர் போடாதீர்கள். கேட்டலாக் எண்ணும் பார்கோடும்தான் ஒரு பதிப்பின் ஆதார் அட்டை. டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நாடு, எந்த வருடம், எத்தனை தட்டு, உள்ளே என்னென்ன காகிதம் என்பது வரை வந்துவிடும். வெளியான வாரத்தில் ஓட வேண்டாம். ஆறு மாதம் கழித்து விலை இறங்குகிற பெட்டிகள் நிறைய. எண்ணிக்கை குறித்து வெளியிடுகிற பெட்டிகளுக்கு மட்டும் இந்தப் பொறுமை உதவாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு, சுங்க வரி, கூரியர்காரர் வாங்கும் கட்டணம் மூன்றையும் கூட்டிய பிறகு விலையைப் பாருங்கள்.

பழைய பிரதி வாங்குவதில் எனக்கு ஒரு அடி விழுந்தது. விற்றவர் பெட்டியின் வெளிப்பக்கத்தை மட்டும் நாலு கோணத்தில் படம் அனுப்பியிருந்தார், பார்க்கப் புத்தம் புதிது. வந்ததைத் திறந்தால் புத்தகத்தின் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தன, பிரிக்கப் போனதில் 1969 கச்சேரிப் படம் ஒன்று நடுவில் கிழிந்து, பாதி இந்தப் பக்கத்தோடும் பாதி அந்தப் பக்கத்தோடும் போனது. அதிலிருந்து, ஒவ்வொரு தட்டின் கீழ்ப்பக்கம், புத்தகத்தின் நடுப்பக்கம், பெட்டியின் நாலு மூலை, இந்தப் படங்கள் வராமல் பணம் அனுப்புவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வானொலி ஒலிபரப்புகளை எடுத்து, குழுவின் சம்மதம் இல்லாமல், அழகான அட்டை போட்டு லைவ் ஆல்பம் என்று விற்கிறார்கள். அந்தக் குழு வழக்கமாக வெளியிடும் கம்பெனியின் பெயர் அட்டையில் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

வைத்திருப்பது

கடலோர ஊர்க்காரர்களுக்கு எதிரி ஈரம். பெட்டியைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு தடவை திறந்து நிழலில் காற்றாட விடுங்கள். எண்பதுகளின் தடித்த இரட்டை சிடிப் பெட்டிகளில் மெத்துமெத்தென்று ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு இருக்கும். பார்த்ததும் எடுத்து எறிந்துவிடுங்கள், அது நாளாவட்டத்தில் இளகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். எல்பிகளை நிமிர்த்தியே வைக்கவேண்டும், அடுக்கினால் வளையும்.

வந்த வாரமே எல்லாத் தட்டையும் முழுசாக ஓட்டிப் பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள். 2017-இல் வந்த டேவிட் போவி பெட்டி ஒன்றில் 'ஹீரோஸ்' பாட்டின் நடுவில் ஒலி திடீரென்று தணிந்தது. கேட்டவர்கள் புகார் செய்து, கடைசியில் மாற்றுத் தட்டுகள் கொடுத்தார்கள். கேட்காமல் அலமாரியில் வைத்தவர்களுக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

அப்புறம், கூடுதல் சிடிகளை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். ரிவால்வர் பெட்டியில் 'யெல்லோ சப்மரைன்' எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கைதட்டிப் பாடுகிற பாட்டு என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். பெட்டியில் பீட்டில்ஸின் ஜான் லெனன் தனியாகக் கிட்டாரோடு பதிந்த ஒரு நாடா இருக்கிறது. நீர்மூழ்கி இன்னும் வரவில்லை, மெட்டு மட்டும் இருக்கிறது, யாரும் கவனிக்காத ஒரு பிள்ளையின் சோகம் மாதிரி மெதுவாக நகர்கிறது. ஒரு நிமிடம்தான். கேட்டு முடித்ததும் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ பாடுகிற ஆல்பம் பதிவைத் திரும்பப் போடுங்கள்.